நூறு கிலோ நிக்கல் வினையூக்கி: ஒரு கரிக் கணக்கு

மீனவர் ஊரான காரைக்கால்மேட்டில் எத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் சிறு உலை ஒன்று வைத்தால் வரவு செலவு எப்படி இருக்கும்? வேதிச் சமன்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு இது.

1 கிலோ ஹைட்ரஜனுக்கு:
எத்தனால்: 3.8 கிலோ (சுமார் 4.8 லிட்டர்)
தண்ணீர்: 4.5 கிலோ
வெளியேறும் கரியமில வாயு: 7.3 கிலோ

பெட்ரோலில் கலக்கும் 'சி' ரக மொலாசஸ் எத்தனாலுக்கு ஒன்றிய அரசு 2025 ஜனவரியில் வைத்த விலை லிட்டருக்கு 57.97 ரூபாய். அப்படியானால் எத்தனால் செலவு மட்டுமே 280 ரூபாய்.

கரி

எத்தனாலின் எடையில் 52 சதவீதம் கார்பன். வினையூக்கியில் நிக்கலைத் தாங்கும் அலுமினாவின் அமிலத்தன்மை எத்தனாலை எத்திலீனாக்குகிறது. எத்திலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து கரியாகி நிக்கலை மூடுகிறது. 1 டன் எத்தனாலில் உள்ள கார்பனில் நூற்றில் ஒரு பங்கு தங்கினாலே 5 கிலோ கரி.

எரித்து நீக்கினால்

வினையூக்கி 100 கிலோ, அதில் நிக்கல் 10 கிலோ, படிந்த கரி 5 கிலோ என்று கொள்வோம்.

தேவைப்படும் காற்று: 58 கிலோ
கரி எரிந்து வரும் வெப்பம்: 164 மெகாஜூல்
நிக்கல் முழுதும் ஆக்சைடானால் எடை: 12.7 கிலோ
அதை மறுபடி நிக்கலாக்க ஹைட்ரஜன்: 0.34 கிலோ

அந்த ஹைட்ரஜனுக்கான எத்தனால் 100 ரூபாய்க்குள் அடங்கும். 2025 சந்தை விலையில் 10 கிலோ நிக்கலின் மதிப்போ ஏறத்தாழ 13,000 ரூபாய்.

ஆனால் அந்த 164 மெகாஜூலும் ஒரே மூச்சில் வந்தால் வினையூக்கியின் சூடு 1,600 டிகிரி வரை எகிறும். நிக்கல் உருகுவது 1,455 டிகிரியில். அதன் நுண்துகள்கள் 590 டிகிரியை ஒட்டியே ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிடும். அதனால்தான் நைட்ரஜனில் 1 சதவீத அளவு ஆக்சிஜன் கலந்து மெதுவாக எரிக்கிறார்கள். எரியும் பட்டை மேலிருந்து கீழே இறங்குவது வரிசையாக வைத்த வெப்பமானிகளில் தெரியும். வெளிவரும் வாயுவில் கரியமில வாயு வருவது நின்றால் வேலை முடிந்தது.

நீராவியில் நீக்கினால்

5 கிலோ கரிக்கு நீராவி 15 கிலோ. கிடைக்கும் ஹைட்ரஜன் 1.7 கிலோ வரை. வெப்பம் வெளிவராது, உள்ளே இழுக்கும். எனவே சூடு எகிறும் பயமில்லை. வேகம் குறைவு.

உப்பு

கரி படியாமலிருக்கத் தண்ணீரை இரட்டிப்பாகவே விடுவார்கள்: கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர். கடலோரக் கிணற்றுநீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பிருந்தால், 1 டன் எத்தனாலுக்கு 2.4 கிலோ உப்பு உள்ளே போகும். பெரும்பகுதி ஆவியாக்கியில் படிந்தாலும், தப்பி வரும் குளோரைடு நிக்கல் துகள்களைத் திரளச் செய்யும். கரியை எரிப்பதுபோல் திரண்ட நிக்கலைக் காற்றால் எளிதில் பிரிக்க முடியாது.

ஆகவே முதல் செலவு தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கும் வெப்பமானிகளுக்கும். கரியை எரித்தபின் நிக்கலை மீட்க 100 ரூபாய் எத்தனால் போதும்.