இலங்கையில் மலேரியா நுளம்புகளின் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு

பூச்சிக்கொல்லி எதிர்ப்பு என்பது, ஒரு பூச்சியினத்தைக் கொல்லப் போதுமானதாக இருந்த நஞ்சின் அளவு, காலப்போக்கில் அவ்வினத்தின் பெரும்பகுதியைக் கொல்ல இயலாது போகும் நிலையாகும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்புகளில் (கொசுக்களில்) இந்நிலை தோன்றியமை பல நாடுகளின் மலேரியா ஒழிப்புத் திட்டங்களைப் பாதித்துள்ளது. இலங்கை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

தோன்றும் விதம்

தனியொரு நுளம்பு நஞ்சுக்குப் பழகிவிடுவதில்லை. மருந்து தெளிப்பதற்கு முன்னரே, இலட்சக்கணக்கான நுளம்புகளுள் ஒரு சிலவற்றில் தற்செயலான மரபணு விகாரம் ஒன்று இருக்கக்கூடும். மருந்து ஏனையவற்றைக் கொன்றுவிட, எஞ்சிய சிலவே அடுத்த தலைமுறையைப் பெறுகின்றன. ஓராண்டில் பல தலைமுறைகள் தோன்றுவதால் இம்மாற்றம் விரைவாகப் பரவுகிறது. எனவே மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை, தெரிந்தெடுக்கிறது.

எதிர்ப்பின் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, நஞ்சு சென்று தாக்கும் இடம் மாறிவிடுதல். டி.டி.டி.யும் பைரெத்ராய்டுகளும் நரம்புக் கலங்களிலுள்ள சோடியம் வாயில்களைத் தாக்குகின்றன. அவ்வாயிலின் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே இரண்டின் வலிமையும் குறைந்துவிடும். இதனால் ஒன்றுக்கு எதிராகத் தோன்றிய எதிர்ப்பு, நுளம்பு இதுவரை எதிர்கொண்டிராத மற்றதற்கும் பயன்படக்கூடும். மற்றையது, நஞ்சை உடலுக்குள்ளேயே சிதைக்கும் நொதியங்கள் மிகுதியாகச் சுரத்தல்.

எதிர்ப்பைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனத்தின் எளிய சோதனை ஒன்று பயன்படுகிறது. குறித்த அளவு மருந்து பூசிய தாள் வைக்கப்பட்ட குழாயில் நுளம்புகள் ஒரு மணிநேரம் விடப்பட்டு, 24 மணிநேரத்தின் பின் இறந்தவை எண்ணப்படுகின்றன. 98 விழுக்காடோ அதற்கு மேலோ இறந்தால் மருந்து வேலை செய்கிறது எனவும், 90 விழுக்காட்டுக்குக் குறைவாக இறந்தால் எதிர்ப்பு உறுதி எனவும் கொள்ளப்படும்.

டி.டி.டி. காலம்

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை இனம் அனோபிலிசு குலிசிபேசீசு ஆகும். மழை குறைந்து ஆறுகள் வற்றும்போது ஆற்றுப்படுகைகளில் தேங்கும் குட்டைகளில் இது பெருகுகிறது. 1934-35 ஆம் ஆண்டுகளின் வறட்சியை அடுத்து ஏற்பட்ட கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். இந்நுளம்பு வீட்டுச் சுவர்களில் தங்கி இளைப்பாறும் இயல்புடையது. ஆகவே சுவர்களில் டி.டி.டி. தெளிப்பது நன்கு பலனளித்தது. 1946 இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த நோயாளர் எண்ணிக்கை 1963 இல் வெறும் 17 ஆகக் குறைந்தது.

நோய் ஒழிந்ததெனக் கருதப்பட்டு, 1964 அளவில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. 1967 இன் பிற்பகுதியில் மீண்டும் தொடங்கிய நோய், 1969 இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோரைத் தாக்கியது. டி.டி.டி. தெளிப்பு மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் அதே 1969 இல் குலிசிபேசீசு நுளம்புகளில் டி.டி.டி. எதிர்ப்பு கண்டறியப்பட்டது.

ரேச்சல் கார்சன் 1962 இல் எழுதிய நூலினால் டி.டி.டி. தடைசெய்யப்பட்டதே இலங்கையில் மலேரியா மீளக் காரணம் எனச் சிலர் எழுதுவதுண்டு. இது சரியன்று. தெளிப்பு நிறுத்தப்பட்டது நோயாளர்கள் அருகியதால். ஐக்கிய அமெரிக்காவில் டி.டி.டி. தடைசெய்யப்பட்டதோ 1972 இல்தான். மேலும், தேவைப்பட்டபோது இலங்கையில் அம்மருந்து தெளிக்கப்பட்டது. முன்னைய வலிமை அதற்கு இருக்கவில்லை என்பதே சிக்கல்.

மலத்தியனும் பின்னரும்

1975 முதல் டி.டி.டி.க்குப் பதிலாகக் கரிமப் பாஸ்பேட்டு வகையைச் சேர்ந்த மலத்தியன் படிப்படியாகப் பயன்பாட்டுக்கு வந்தது. எதிர்ப்பு விரைவில் தோன்றாதிருக்க, வேளாண்மையில் இதன் பயன்பாடு தவிர்க்கப்பட்டது. இம்முன்யோசனை குறிப்பிடத்தக்கது, பல நாடுகளில் பருத்தி வயலிலும் வீட்டுச் சுவரிலும் ஒரே மருந்தே தெளிக்கப்பட்டு வந்தது. ஆயினும் வீட்டுத் தெளிப்பே போதுமான நெருக்குதலாக அமைந்து, 1980களில் குலிசிபேசீசு நுளம்பில் மலத்தியனை மட்டும் சிதைக்கும் நொதியம் ஒன்றின் செயல் காணப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த பிற மருந்துகளை அந்நொதியம் சிதைக்கவில்லை. இதற்கு மாறாக, நெல் வயல் நீரில் வளரும் அனோபிலிசு நைகெரிமசு என்னும் இனம், உழவர்கள் பயன்படுத்திய மருந்துகளால் பல கரிமப் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்ப்புப் பெற்றது. இவ்விரு நுளம்புகளும் ஒரே தீவில் வெவ்வேறு நஞ்சுகளுக்கு வெவ்வேறு வழிகளில் ஈடுகொடுத்தன.

1990களில் ஒரே மருந்தை நாடெங்கும் தெளிக்கும் முறை கைவிடப்பட்டது. வெவ்வேறு மாவட்டங்களில் வெவ்வேறு வகை மருந்துகள் தெளிக்கப்பட்டு, பின்னர் அவை மாற்றப்பட்டன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள், குட்டைகளில் குடம்பிகளை அழித்தல், நோயாளரை விரைவாகக் கண்டறிந்து சிகிச்சை அளித்தல் ஆகியனவும் சேர்ந்தன. 1999 இல் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிய நோயாளர் தொகை, வடக்கு கிழக்கில் போர் நீடித்த ஆண்டுகளிலும் பெரிதும் குறைந்துகொண்டே சென்றது. சான்றளிப்புக்கு முன் உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

புதிய நுளம்பு

சான்றளிக்கப்பட்ட அதே ஆண்டு டிசம்பரில், அதுவரை இலங்கையில் காணப்படாத அனோபிலிசு இசுட்டீபென்சி மன்னாரில் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இவ்வினமே. இது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளர்வதால், ஆற்றுப்படுகைகளைத் தேடிப் பழகிய கண்காணிப்பு முறை இதற்குப் போதாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு வளவிலும் கிணறு உண்டு. இந்நுளம்பு பல பூச்சிக்கொல்லிகளுக்கு ஏற்கனவே எதிர்ப்புடையதாகக் காணப்பட்டுள்ளமையால், கிணறுகளில் குடம்பியுண்ணும் மீன்களை விடுதல், தொட்டிகளை மூடிவைத்தல் போன்ற நஞ்சற்ற முறைகள் கையாளப்படுகின்றன. வெளிநாடுகளிலிருந்து நோயுடன் வருவோர் ஆண்டுதோறும் இனங்காணப்பட்டு வருகின்றனர்.