திருப்பி அடிக்கக் கற்றுக்கொடுப்பது தீர்வா?

பள்ளியில் யாரோ தொடர்ந்து சீண்டுகிறார்கள் என்று பிள்ளை சொன்னதும் நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். “கண்டுக்காம ஒதுங்கிப் போ” என்பது ஒன்று. “கராத்தேல சேர்த்து விடறேன், திருப்பி அடி” என்பது மற்றொன்று. முதலாவதால் பயனில்லை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது: உடற்பயிற்சி உதவுகிறது, அடிப்பதற்கு அல்ல, மனம் நொறுங்காமல் இருப்பதற்கு.

அமெரிக்காவில் 2013இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 13,500க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பை வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அலசினார்கள். பள்ளியில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அவர்களிலும் வாரத்தில் 4 நாளாவது உடலை வருத்தி விளையாடியவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் 23 விழுக்காடு குறைவாக இருந்தன. ஆனால் இது ஒருமுறை கேட்டு எழுதிய கணக்கு. விளையாடியதால் மனம் தேறியதா, மனம் ஓரளவு தேறி இருந்தவர்கள்தான் விளையாடப் போனார்களா என்பதை இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் பலன் கிடைக்கக்கூடிய வழிகள் சில எளிதாகவே புரியும். கேலிக்கு ஆளான பிள்ளைக்கு இரவில்தான் அந்தப் பேச்சுகள் திரும்பத் திரும்பக் கேட்கும்; ஓடியாடிக் களைத்த உடம்புக்குத் தூக்கம் சீக்கிரம் வரும். வகுப்பில் பட்டப்பெயரால் அழைக்கப்படுகிறவன், தெருக் கபடிக் குழுவில் நல்ல ரைடராக இருக்கலாம். 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சைக்கிள், நீச்சல், சிலம்பம், வேகநடை எதுவும் கணக்கில் சேரும்.

சிக்கல் மைதானத்திலேயே இருக்கிறது. இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உப்புக்குச் சப்பாணியாக அவனைச் சேர்த்துக்கொள்வது ஊரறிய அவமானப்படுத்துவதுதான். பி.டி. ஆசிரியர் அணியைத் தானே பிரித்துக் கொடுத்தால் போதும், இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். உடை மாற்றும் அறையிலும் கழிப்பறைப் பக்கமும் ஒரு பெரியவர் கண் வைத்திருக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கு “கிரவுண்டைச் சுத்தி ஓடு” என்று தண்டனை கொடுக்கும் பள்ளியில் ஓட்டத்தை யார் விரும்புவார்கள்? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. நடைமுறையில் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். பெண் பிள்ளைகளுக்கு மைதானம் அதற்கு முன்பே, வயதுக்கு வந்த அன்றே மூடப்பட்டுவிடுகிறது.

இன்னொன்று பெற்றோருக்கு. “குண்டு” என்று கேலி செய்யப்பட்ட பிள்ளையிடம் “எடை குறைஞ்சா கேலி நின்னுடும்” என்று சொல்லி ஓடவிடாதீர்கள். கேலி செய்தவன் சொன்னது சரிதான் என்று நீங்களும் சொன்னதாக ஆகிவிடும்.

உடற்பயிற்சி காயத்தை ஆற்றலாம். காயப்படுத்துகிறவரை அது நிறுத்தாது. நிறுத்த வேண்டிய பொறுப்பு பள்ளியுடையது. தலைமையாசிரியரிடம் தேதி, இடம், நடந்தது எல்லாம் எழுதிக் கொடுங்கள். நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கேலியோ மிரட்டலோ வந்திருந்தால் அழிப்பதற்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 புகாரை உடனே விசாரிக்கும் கடமையை நிறுவனத் தலைவருக்கு விதிக்கிறது. அலட்சியம் காட்டினால் அவரும் குற்றத்துக்கு உடந்தை. பாலியல் சீண்டல் என்றால் போக்சோ சட்டம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் தரலாம். செய்தவரும் சிறுவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

புகாருக்குப் பிறகான நாட்களில் பாதுகாப்பு இன்னும் முக்கியம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதித் துன்புறுத்தல் பற்றிப் புகார் சொன்ன ப்ளஸ் டூ மாணவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயப்பட்டார். அதன்பின், மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்ததுதான் நீதிபதி சந்துரு குழு. ஆகவே புகார் கொடுக்கும்போதே, பள்ளிக்குப் போகிற வருகிற வழிக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேளுங்கள்.

பள்ளி அசையவில்லையென்றால் கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பந்தைத் தொடுவதில்லை, காலையில் வயிற்றுவலி என்கிறது, சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்புகிறது என்றால் உட்கார வைத்துக் கேளுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் ஓடு, ஆடு என்ற அறிவுரை அப்போது வேண்டாம். பிள்ளையைத் தனியாக விடாமல் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104 சுகாதார உதவி எண்ணுக்கோ அழையுங்கள். டெலி மானஸ் 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.