கடல் பார்த்த அறையும் ஜன்னல் இல்லாத அறையும்

1992 செப்டம்பர் 11. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் பொழுது விடிவதற்கு முன்பே ஆபத்துச் சங்கு அலறியது. அங்கே ஒரு பெரிய கடற்கரை விடுதியில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் 'ஜுராசிக் பார்க்' படக்குழுவினரும் தங்கியிருந்தார்கள். மூன்று வாரப் படப்பிடிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. அன்றைய வேலை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் தெற்கே கடலோடு கடலாகப் போய்விடும் என்று எதிர்பார்த்த 'இனிகி' என்ற புயல் வடக்கே திரும்பி, நேராகத் தீவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கடலைப் பார்த்த அறைகளிலிருந்து எல்லோரும் கீழே இறக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் விடுதியின் விருந்துக்கூடம். கல்யாண வரவேற்பும் கூட்டங்களும் நடக்கும் பெரிய கூடம் அது. நடிகர்களும் தொழிலாளர்களும் குழந்தைகளும் அங்கே ஒன்றாக அடைந்து கிடக்க, பிற்பகலில் புயலின் கண் தீவின் மேலேயே கடந்தது. மணிக்குச் சுமார் 230 கி.மீ. வேகக் காற்று. மறுநாள் வெளியே வந்து பார்த்தபோது மரங்கள் இலையின்றி நின்றன. 1,400-க்கும் மேற்பட்ட வீடுகள் இருந்த இடம் தெரியவில்லை. அவ்வளவு அழிவிலும் உயிரிழந்தவர்கள் ஆறு பேர்.

படக்குழுவைத் தீவிலிருந்து வெளியேற்ற ஒரு சரக்கு விமானம் வந்தது. அதை ஓட்டி வந்தவர் ஃபிரெட் சோரன்சன். 1981-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த முதல் இந்தியானா ஜோன்ஸ் படத்தில், கதாநாயகனைக் காப்பாற்றிக் கொண்டுபோகும் விமானியாக நடித்தவரும் இவரே. புயலன்று கரையில் எடுத்த அலைக் காட்சிகள் பிறகு 'ஜுராசிக் பார்க்'கில் இடம்பெற்றன.

விடுமுறைக்குப் போன இடத்தில் புயலில் மாட்டிக்கொள்வது அபூர்வமான விபத்து என்றே பலரும் நினைக்கிறார்கள். நாட்காட்டி அப்படிச் சொல்லவில்லை. அட்லாண்டிக்கிலும் கரீபியன் கடலிலும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு அது மே மாத நடுவிலேயே தொடங்கிவிடும். நம் வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு சுற்று, கோடையில் ஒரு சுற்று. கடற்கரை விடுதிகளில் கட்டணம் இறங்கும் மாதங்களும் பெரும்பாலும் இவைதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று செப்டம்பரில் கரீபியனுக்குப் பயணச்சீட்டு எடுப்பவர், புயல்கள் உச்சத்தில் இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

உள்ளூர்க்காரருக்கும் விருந்தாளிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, யார் வீட்டுக் கூரை தாங்கும் என்பதெல்லாம் ஊர்க்காரருக்கு மனப்பாடம். முந்தாநாள் வந்து இறங்கியவருக்கு விடுதியின் பின்வாசல் எங்கே என்பதுகூடத் தெரியாது. வானொலியில் சொல்லும் மொழி புரியாது. அவர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கிய, தரை முதல் கூரை வரை கண்ணாடி பதித்த, அலை தெரியும் அறைதான் அந்தக் கட்டடத்திலேயே ஆபத்தான இடம்.

ஏன் என்பதற்குக் காற்றின் கணக்கு விடை சொல்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு சுவரின் மேல் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குடையைத் திருப்பும் காற்று, 240 கி.மீ. வேகத்தில் பதினாறு மடங்கு பலத்தோடு மோதும். அந்தக் காற்று வெறுங்கையோடும் வராது. ஓடு, தகரம், மரக்கிளை, நீச்சல்குளத்து நாற்காலி என்று அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வரும். ஒரு ஜன்னல் உடைந்தால் போதும், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே ஓடும் காற்று அதை மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் சேரும்போது கூரை பெயர்ந்து போகிறது.

அழுத்தம் சமனாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. அது தவறு. கண்ணாடியில் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டுவதும் பயன்படாது. கண்ணாடி உடையாமல் இருக்க அது உதவாது. உடையும்போது பெரிய பெரிய துண்டுகளாகப் பறக்கத்தான் வழி செய்யும். பாதுகாப்பான இடம் கட்டடத்தின் நடுவில் இருக்கிறது: குளியலறை, உள் நடைவழி, படிக்கட்டு, ஜன்னல் இல்லாத கூடம். மாடி உயர உயரக் காற்றின் வேகம் கூடும் என்பதால் உச்சிமாடிகள் கூடாது. கடல் உள்ளே வரலாம் என்பதால் கரையோரத் தரைத்தளமும் கூடாது.

இதை 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோ நகரம் கண்ணால் கண்டது. விரிகுடாவை வளைத்து உயர்ந்த விடுதிகள் நிற்கும் பழைய சுற்றுலா நகரம் அது. அந்த வாரம் சுரங்கத் தொழில் மாநாடு ஒன்றுக்காகவும் ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கியிருந்தார்கள். 'ஓட்டிஸ்' ஒரு நாள் முன்புவரை சாதாரண வெப்பமண்டலப் புயல். பிறகு வெதுவெதுப்பான கடல்நீரின் மேல் 24 மணி நேரத்துக்குள் அதன் காற்று வேகம் 170 கி.மீ.க்கும் மேல் எகிறியது. கணினிக் கணிப்புகள் எதுவும் இதைக் காட்டவில்லை. அக்டோபர் 25 நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், மணிக்குச் சுமார் 260 கி.மீ. வேகத்தில் அது கரையைக் கடந்தது. மெக்சிகோவின் பசிபிக் கரையைத் தாக்கியவற்றில் பதிவான மிக வலுவான புயல் இதுதான்.

அன்றிரவு சாதாரணமாகத் தூங்கப் போனவர்கள் மெத்தையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் குளியலறைத் தரையில் விடியலை எதிர்பார்த்துக் கிடந்தார்கள். காலையில் பார்த்தால் விரிகுடாவைச் சுற்றி நின்ற அடுக்குமாடிகள் கண்ணாடியும் உள்சுவரும் உதிர்ந்து வெறும் கான்கிரீட் கூடுகளாக நின்றன. விடுதிகளில் சுமார் 80 சதவீதம் சேதமடைந்ததாக மாநில ஆளுநர் அறிவித்தார். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எச்சரிக்கை எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை. 1964 டிசம்பர் 22 இரவு, புயலுக்கு நடுவே பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஊர் நெருங்கும் இடத்தில் சிக்னல் விழவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. ரயில் நகர்ந்தது, அலை அதை விழுங்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதே புயலில் நடிகர்கள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் சிக்கிக்கொண்டு உயிர் தப்பினார்கள்.

கான்கூனின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே எச்சரிக்கைக்குக் குறைவில்லை, நேரத்துக்கும் குறைவில்லை. புயல்தான் போக மறுத்தது.

மெக்சிகோ அரசு 1970-களில் திட்டம் போட்டு உருவாக்கிய சுற்றுலா நகரம் கான்கூன். ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் காயல், நடுவே '7' என்ற எண்ணைப் போல் வளைந்த மெல்லிய மணல்திட்டு. இருபது கி.மீ.க்கும் மேல் நீளும் அந்தத் திட்டின் மேல்தான் விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. 2005 அக்டோபர் 19 அன்று, கரீபியன் கடலில் இருந்த 'வில்மா'வின் மைய அழுத்தம் 882 மில்லிபாருக்கு இறங்கியது. சாதாரண நாளில் கடல்மட்டத்தில் அது 1,013 மில்லிபார் அளவில் இருக்கும். அட்லாண்டிக் பகுதியில் அதற்கு முன்னும் பின்னும் எந்தப் புயலிலும் அவ்வளவு குறைந்த அழுத்தம் பதிவானதில்லை. புயலின் கண் சுருங்கிச் சுருங்கி நான்கு கி.மீ. அகலத்துக்கு வந்துவிட்டது.

சுற்றுலாப் பயணிகள் பல்லாயிரம் பேரை மணல்திட்டிலிருந்து நகருக்குள் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடங்கள், விளையாட்டு அரங்குகள், உள்நாட்டுப் பக்கத்து விடுதிக் கூடங்கள் எல்லாம் முகாம்களாயின. அக்டோபர் 21 அன்று வில்மா முதலில் கோசுமெல் தீவைத் தாக்கியது. பிறகு நிலத்துக்கு வந்தது, வந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிட்டது. புயலுக்குச் சொந்தமாகக் கால் கிடையாது. மேல்வானக் காற்றோட்டம் தள்ளினால்தான் அது நகரும். அந்த வாரம் தள்ளுவதற்கு ஆளில்லை. ஒரு நாளுக்கும் மேலாக அது அந்தக் கரையை விட்டுப் போகவில்லை. பக்கத்து இஸ்லா முஹேரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 1,500 மி.மீ.க்கும் அதிகம். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது கூடுதல்.

இவ்வளவுக்கும் மெக்சிகோவில் வில்மாவால் இறந்தவர்கள் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் நின்றது. அந்த ஊர் 1988-ல் 'கில்பர்ட்' புயலில் அடிபட்டுப் பாடம் கற்றிருந்தது. அடைக்கலம் தரும் கட்டடம் எது, பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருந்தன. ஆனால் முகாமில் கழிந்த நாட்கள் சொகுசாக இல்லை. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, வகுப்பறைத் தரையில் பாய்விரித்த வரிசைகள், அளந்து கொடுத்த உணவு. விமான நிலையம் சேதமாகியிருந்ததால் பலரும் முந்நூறு கி.மீ. பேருந்தில் மெரிடா நகருக்குப் போய் விமானம் ஏறினார்கள். கான்கூனின் வெண்மணலையும் கடல் பெருமளவு வாரிக்கொண்டு போயிருந்தது. பிறகு கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கரையில் கொட்ட வேண்டியிருந்தது.

அந்த முகாம்களை நடத்தியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை விடுதிகளில் அறை கூட்டுபவர், சமையல்காரர், காவலாளி எல்லோரும் குடியிருப்பது கடற்கரையில் அல்ல. ஊருக்குள், பெரும்பாலும் எளிய வீடுகளில். 2014 செப்டம்பர் 14 இரவு 'ஒடீல்' புயல் மெக்சிகோவின் லாஸ் காபோஸைத் தாக்கியபோது அங்கே சுமார் 30,000 சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். விடுதி ஊழியர்கள் விருந்தினர்களைப் படிக்கட்டுகளிலும் துணி வெளுக்கும் அறைகளிலும் உட்காரவைத்துக் காவல் இருந்தார்கள். அதே நேரத்தில் மலையடிவாரத்துத் தகரக் கூரைக் குடியிருப்புகள் சரிந்துகொண்டிருந்தன. விமான நிலையம் சிதைந்துபோக, பயணிகளை ராணுவ விமானங்களும் பிற விமானங்களும் ஏற்றிச் சென்றன. ஊழியர்கள் தங்கள் தெருவுக்குத் திரும்பி என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கப் போனார்கள்.

ஆகவே, போகச் சொன்னால் உடனே கிளம்பிவிடுவது ஊருக்குச் செய்யும் உதவியும்கூட. விருந்தாளி ஒருவர் போனால், மிஞ்சும் தண்ணீரும் பாயும் ஊர்க்காரருக்கு ஆகும். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே ஒரே ஒரு முக்கிய நெடுஞ்சாலைதான். அங்கே புயல் வந்தால் முதலில் சுற்றுலாப் பயணிகளை வெளியேற்றுகிறார்கள், பிறகுதான் குடியிருப்போரை.

கிளம்ப நேரமில்லை என்றால், இருக்கும் மணி நேரங்களில் செய்யக்கூடியவை உண்டு. அடைக்கலம் எந்தக் கூடத்தில், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று விடுதி வரவேற்பில் கேட்டுவைக்க வேண்டும். இதை அறைச் சாவி வாங்கும்போதே கேட்கலாம். குளியல் தொட்டியிலும் வாளியிலும் தண்ணீர் நிரப்பி வைத்தால், குழாய் நின்ற பிறகு கழிவறைக்கு ஆகும். மருந்து, கடவுச்சீட்டு, கைவிளக்கு மூன்றும் உடம்போடு இருக்கட்டும். மின்சாரம் போனால் ஏடிஎம்மும் அட்டையும் செல்லாது. உள்ளூர்ப் பணம் கையில் வேண்டும். காலில் செருப்புக்குப் பதில் ஷூ, ஏனென்றால் புயலுக்குப் பிறகு தரையெங்கும் கண்ணாடி. பயணக் காப்பீட்டைப் புறப்படும் முன்பே எடுத்திருக்க வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீட்டில் அந்தப் புயலுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது.

நடுவில் காற்று திடீரென்று ஓய்ந்து வானம் வெளுத்தால் யாரும் வெளியே போகக் கூடாது. அது புயலின் கண். 2016 டிசம்பரில் 'வர்தா' கரையைக் கடந்தபோது சென்னையில் பலர் அந்த அமைதியை அனுபவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்து, முன்பு ஒரு பக்கம் சாய்ந்து பிழைத்த மரங்களையும் மறுபக்கம் தள்ளியது.

கவாய்த் தீவு மீண்டும் பச்சை பிடித்துவிட்டது. எல்விஸ் பிரெஸ்லியின் 'புளூ ஹவாய்' படத்தில் வந்த புகழ்பெற்ற விடுதி 'கோகோ பாம்ஸ்' மட்டும் இனிகிக்குப் பிறகு கதவைத் திறக்கவே இல்லை. பல ஆண்டுகள் இடிபாடாகவே நின்றது. தீவுக்கு வரும் பயணிகளை ஆச்சரியப்படுத்துவது வேறொன்று. கடற்கரை, கடைவாசல், வண்டி நிறுத்துமிடம் என்று எங்கு பார்த்தாலும் யாருக்கும் சொந்தமில்லாத கோழிகள் குஞ்சுகளோடு மேய்கின்றன. ஏன் இவ்வளவு கோழி என்று கேட்டால், 1982-ல் வந்த 'இவா'வையும் 1992-ல் வந்த இனிகியையும்தான் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் புயல்கள் கூண்டுகளை உடைத்துத் திறந்துவிட்டவற்றின் வாரிசுகளாம் இவை. விடுமுறைக்கு வந்தவர்களை அங்கே இன்றும் விடியும் முன் எழுப்புவது ஒரு சேவலின் கூவல்.