பத்தாவது ஆள்

கிங்ஸ் சர்க்கிளில் சி.எஸ்.எம்.டி. போகும் ஹார்பர் லைன் வண்டியைப் பிடித்தால் வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு தாண்டி ஏழாவதாக வருவது மஸ்ஜித். மாட்டுங்கா, தாராவித் தமிழர்களுக்கு அது மொத்தக் கொள்முதலுக்கான ஸ்டேஷன். மிளகாய், மஞ்சள், முந்திரி, பிளாஸ்டிக் சாமான் என்று மூட்டையோடு திரும்புகிறவர்கள் பலர். பக்கத்தில் ஏதோ மசூதி இருப்பதால் வந்த பெயர் என்றே கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மும்பையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் வேறு கதை சொல்வார்கள். தங்கள் ஜெப ஆலயத்தை அவர்களே ‘மஸ்ஜித்’ என்றுதான் அழைத்துவந்தார்கள். அங்கே சாமுவேல் தெருவில் இருக்கும் ‘ஷார் ஹரஹமீம்’, அதாவது இரக்கத்தின் வாசல், 1796-இல் தொடங்கியது. நகரத்தின் முதல் ஜெப ஆலயம் அது. ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே என்பது அவர்கள் கட்சி.

அதைக் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் குருவும் இல்லை, பண்டிதரும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். மைசூர்ப் போரில் திப்புவிடம் சிறைப்பட்டு, உயிரோடு வீடு திரும்பினால் ஜெப ஆலயம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் என்று சமூகத்தார் சொல்வார்கள். வேண்டுதல் நிறைவேறியது, ஆலயமும் எழுந்தது. ஆனால் நடத்திவைக்க ரபி ஒருவர்கூட இல்லை. அதற்குப் பின்னும் நெடுங்காலம் இல்லை. ரபி இல்லாமலேயே அங்கே ஓய்வுநாள் வழிபாடு நடந்தது, கல்யாணம் நடந்தது, துக்கச் சடங்கும் நடந்தது. பூசாரி வராவிட்டால் நடை சாத்தியே கிடக்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு இது விசித்திரமாகத்தான் படும்.

யூத மதத்தில் பலி செலுத்தும் ஆசாரியர் குலம் ஒன்று இருந்தது. எருசலேம் ஆலயம்தான் அவர்கள் வேலை செய்த இடம். கி.பி. 70-இல் ரோமப் படை அந்த ஆலயத்தை இடித்ததும் பலியும் நின்றது, அவர்கள் வேலையும் போயிற்று. மதம் மட்டும் போகவில்லை. வாசிப்பும் கூட்டு ஜெபமும் பலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பொது வழிபாட்டுக்கு வேண்டியது பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் மட்டுமே. இந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு ‘மின்யன்’ என்று பெயர். ஒன்பது மகா பண்டிதர்கள் உட்கார்ந்திருந்தாலும் சில ஜெபங்களைச் சொல்ல முடியாது, மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளை எடுத்து முறைப்படி வாசிக்கவும் முடியாது. பத்தாவதாக ஒரு மூட்டை தூக்கும் யூதர் நுழைந்தால் எல்லாம் நடக்கும். ரபி என்பவர் சட்டம் படித்தவர், தீர்ப்புச் சொல்கிறவர், கற்பிக்கிறவர். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே நிற்கும் பூசாரி அல்ல. அந்தப் பத்துக் கணக்கில் அவருக்கும் ஒரு தலைதான்.

அப்படியானால் வழிபாட்டை நடத்துவது யார்? ஹஸான். இன்று அவர் ஜெபத்தை ராகமாகச் சொல்லி மற்றவர்களை அழைத்துச் செல்பவர். பழங்காலத்தில் ஹஸானின் வேலை இன்னும் எளியது. ஆலயத்தைப் பார்த்துக்கொள்வது, சுருளை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைப்பது. வேதாகமம் வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரிந்தே இருக்கும். லூக்கா சுவிசேஷம் நான்காம் அதிகாரத்தில், நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாசித்த இயேசு அதைச் சுருட்டிப் பணிவிடைக்காரன் ஒருவனிடம் கொடுக்கிறாரே, அந்தப் பணிவிடைக்காரர்தான். யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவனும் அதே சுவிசேஷத்தில் வருகிறார். நிர்வாகம் ஒருவரிடம், சுருள் இன்னொருவரிடம் என்ற ஏற்பாடு அப்போதே இருந்திருக்கிறது.

பணிவிடைக்காரர் பாடகரானதற்குக் காரணம் உண்டு. அச்சு வராத காலத்தில் நீண்ட ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்ல எல்லோராலும் முடியாது. தெரிந்த ஒருவர் உரக்கச் சொல்லி, மற்றவர்கள் ‘ஆமென்’ என்றால், அவர்களும் சொன்னதாகவே கணக்கு. சமூகத்தின் வாயாக நிற்கிற வேலை இது. குரல் நன்றாக இருக்க வேண்டும், நடத்தை அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

தோரா வாசிப்பு இன்னும் கடினம். சுருள் தோலில் கையால் எழுதப்பட்டது. மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் திருத்தும்வரை அந்தச் சுருளை வழிபாட்டில் வாசிக்கக் கூடாது. எழுதியிருப்பதும் மெய்யெழுத்துகள் மட்டுமே. எங்கே ‘அ’, எங்கே ‘இ’ என்ற உயிர்க்குறி கிடையாது, வாக்கியம் முடியும் இடத்தில் புள்ளி கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. ‘கடல்’, ‘குடல்’ இரண்டையும் ‘க்ட்ல்’ என்று எழுதிவைத்து, இடம் பார்த்துப் படி என்றால் எப்படியிருக்கும்? வாசிப்பவர் உயிரொலியையும் ராகத்தையும் வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்து, சுருளைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். விரலால் தொடக்கூடாது. நுனியில் குட்டிக் கை செதுக்கிய வெள்ளிக்கோல் ஒன்றால் வரியைத் தொடர்வார். பக்கத்தில் நிற்பவர் உயிர்க்குறி உள்ள அச்சுப் புத்தகத்தில் விரலோட்டிக்கொண்டே வருவார். பொருள் மாறும்படி நாக்கு புரண்டால் அங்கேயே திருத்துவார், வாசிப்பவர் அந்தச் சொல்லுக்குத் திரும்பி மறுபடி சொல்வார். ரபி தப்பாக வாசித்தாலும் இதே கதிதான். யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கல்வியெல்லாம் கொங்கண் கரைக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது. கப்பல் உடைந்து அலிபாக் அருகே நவ்காவ் கரையில் ஒதுங்கியவர்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது பெனே இஸ்ரேல் மரபு. புத்தகங்கள் கடலோடு போயின. செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள், சனிக்கிழமை செக்கை நிறுத்தினார்கள். ஊரார் ‘ஷனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர், என்றார்கள். எபிரேய ஜெபங்களில், ‘கேள், இஸ்ரேலே’ என்று தொடங்கும் ‘ஷெமா’ ஒன்றுதான் நினைவில் தங்கியது. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார்கள். பிறந்த எட்டாம் நாள் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்தார்கள். ஒரு வரி, ஒரு கிழமை, ஒரு சடங்கு, அதோடு சாப்பாட்டில் சில விலக்குகள். குருமார் இல்லாமல் நூற்றாண்டுகள் தாண்டிவர அது போதுமாக இருந்தது.

தாவீத் ரஹபி என்பவர் அவர்களை யூதர்கள் என்று கண்டுகொண்ட கதை மீனை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. பல வகை மீன்களை ஒரு கூடையில் போட்டுச் சமைக்கச் சொன்னாராம். பெண்கள் செதிலும் துடுப்பும் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றதை நாங்கள் உண்பதில்லை என்று ஒதுக்கிவிட்டார்களாம். மோசேயின் சட்டம் அனுமதிப்பது அந்த மீன்களை மட்டுமே. ரஹபிக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. அவர் ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர் என்பார் உண்டு. கொச்சியில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வணிகர் தாவீத் எசேக்கியேல் ரஹபிதான் அவர் என்பார் ஆய்வாளர் பலர். எனக்கு இரண்டாவதே நம்பத்தக்கதாகப் படுகிறது. அவர் ஜிராத், ஷாபூர்கர், ராஜ்பூர்கர் குடும்பங்களிலிருந்து மூவரைத் தேர்ந்து சடங்குகள் கற்பித்தார். காஜி என்ற பட்டத்தோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சடங்கு நடத்தி, வழக்கும் தீர்த்தார்கள். யூதருக்கு முஸ்லிம் நீதிபதியின் பட்டப்பெயர். கொங்கணில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

மும்பையில் ஆலயம் வந்ததும் பதவிகளும் பெருகின. தலைவருக்கு முகாதம் என்று பெயர். மாநகராட்சித் துப்புரவு வேலையில் இருந்த தமிழர்களுக்கு முகாதம் என்றால் மேஸ்திரி. இங்கேயோ அவர் கிட்டத்தட்ட நம்மூர் தர்மகர்த்தா. குடும்பச் சண்டை, சொத்துத் தகராறு எல்லாம் அவரிடமும் சௌகுலே என்ற பெரியவர்களிடமும் வரும். அபராதம் விதித்தால் பணம் ஆலயத்துக்குச் சேரும். கணக்கும் பெட்டியும் கப்பாயிடம். கதவு திறப்பது, விளக்கு ஏற்றுவது, வீடு வீடாகச் செய்தி சொல்வது ஷமாஷ். எபிரேயம் கற்பிக்க 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சி யூதர்கள் வந்தார்கள், பின்னால் பாக்தாத், யேமன் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். மராத்தியில் ஜெபப் புத்தகங்கள் அச்சாயின. ஆபிரகாம், மோசே கதைகளை மராத்திக் கீர்த்தனமாக நடத்திய பெனே இஸ்ரேலரும் இருந்தார்கள்.

ஆலயத்துக்கு வெளியே இருப்பவர் ஷோஹெத், முறைப்படி ஆடு கோழி அறுப்பவர். அவர் கத்திக்குக் கூர்முனை கிடையாது. அறுப்பதற்கு முன் அதன் விளிம்பை விரல் சதையிலும் நகத்திலும் மாறிமாறி ஓட்டிப் பார்ப்பார். மயிரிழைப் பிசிறு நகத்தில் தட்டினாலும் அந்தக் கத்தி ஆகாது. சிறிய சமூகங்களில் ஹஸானே ஷோஹெத்தாகவும், விருத்தசேதனம் செய்யும் மோஹெலாகவும் இருப்பது சாதாரணம். சம்பளம் ஒன்றுதான்.

ரபி இல்லாமல் வாழ்ந்ததற்கு இவர்கள் கொடுத்த விலை 1960-களில் தெரிந்தது. இஸ்ரேலுக்குக் குடியேறிய பெனே இஸ்ரேலரின் திருமணத்தைப் பதிவு செய்ய அங்குள்ள ரபிமார் தயங்கினார்கள். இத்தனை நூற்றாண்டுகளாக மணமுறிவும் மறுமணமும் சட்டப்படி நடந்தன என்பதற்குச் சாட்சி யார் என்பது அவர்கள் கேள்வி. மணமக்களின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாக விசாரிக்க உத்தரவு போனது. சமூகத்தார் தெருவில் இறங்கிப் போராடி, 1964-இல் எல்லா வகையிலும் முழு யூதர்கள் என்ற ஒப்புதலைப் பெற்றார்கள். செக்கை நிறுத்திய அத்தனை சனிக்கிழமைகளும் ஒரு சான்றிதழுக்கு ஈடாகவில்லை. அது அநியாயம் என்றே சொல்வேன்.

மும்பையிலேயே வேறொரு வழியும் திறந்திருந்தது. மகப்பேறு மருத்துவர் ஜெருஷா ஜிராத், காமா மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர், 1966-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் 1925-இல் இங்கே யூத சமயச் சங்கத்தை ஏற்படுத்தினார். மரபான ஆலயத்தில் பெண்கள் மாடியில் தனியே இருப்பார்கள், மின்யன் கணக்கில் வரமாட்டார்கள். சீர்திருத்த வழியில் வந்த இந்தச் சங்கத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே ரபியாக 1957-இல் வந்து சில ஆண்டுகள் இருந்தவர் ஹியூகோ கிரின். சிறுவயதில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு உயிர்பிழைத்தவர். இங்கிருந்து போன பிறகு பிரிட்டனில் வானொலி வழியாக வீடுதோறும் அறிமுகமானார்.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் நாட்டில் யூதர்கள் 20,000-க்கும் மேல். இப்போது 5,000-க்கும் குறைவு. பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், இருப்பவர்களில் பலர் தானேப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். 2008 நவம்பரில் மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில், யூத மையமான நரிமன் ஹவுஸில் ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் கொல்லப்பட்ட பிறகு ஆலய வாசல்களில் காவலும் சோதனையும் கூடியிருக்கின்றன. கொல்கத்தாவில் யூதர்கள் விரல்விட்டு எண்ணும்படி குறைந்துபோக, ஜெப ஆலயங்களைத் தலைமுறைகளாகப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் முஸ்லிம் குடும்பத்தார். கொச்சிப் பரதேசி ஆலயத்திலோ, வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளைச் சேர்த்துத்தான் பத்து நிறைந்தது. மும்பையின் பழைய ஆலயங்கள் சிலவற்றிலும் சாதாரண நாட்களில் நிலைமை இதுதான். ரபி இல்லாததால் இவர்களுடைய எந்த ஆலயத்திலும் வழிபாடு நின்றதில்லை. பத்தாவது ஆள் வராமல் நின்றிருக்கிறது.