கொத்தனார் வீட்டுப் பிள்ளையும் ஆர்க்கிடெக்ட் ஆகலாம்: காலேஜில் பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

சென்னை:

வீட்டுக்கு பிளான் போடத் தெரிஞ்சா ஆர்க்கிடெக்ட் ஆகிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 1972-ம் ஆண்டு சட்டப்படி, கவுன்சில் ஆப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். சிவில் என்ஜினீயருக்கும் கிடையாது.

இதற்கு 5 ஆண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும். பிளஸ்-2வில் கணிதம், இயற்பியல் கட்டாயம். கணிதத்தோடு 3 ஆண்டு டிப்ளமோ முடித்தவர்களும் சேரலாம். ஆனால் முதலாம் ஆண்டில் இருந்துதான். கூடவே 'நாட்டா' அல்லது ஜே.இ.இ. மெயின் 2-ம் தாளில் தேற வேண்டும். தமிழக கவுன்சிலிங்கில் பிளஸ்-2 மார்க் பாதி, நுழைவுத்தேர்வு மார்க் பாதி.

"3 வருஷ இன்டீரியர் டிசைனும் இதே படிப்புதான்" என்று புரோக்கர் சொன்னால் ஏமாந்துடாதீங்க. அதை வைத்து பதிவு செய்ய முடியாது.

நகையை அடகு வைத்து பீஸ் கட்டும் முன், கவுன்சில் இணையதளத்தில் அந்த காலேஜ் பெயர் இருக்கா, எத்தனை சீட்டுக்கு அனுமதி என்று பாருங்க. பெயர் இல்லாத காலேஜில் சேர்ந்தால் 5 வருஷப் படிப்பும் பணமும் வீண்தான்!