பரணிலிருந்து இறங்கும் குடும்பம்

புரட்டாசி பிறந்ததும் திருவனந்தபுரம் கரமனையின் அக்கிரகாரத் தெருக்களில் பரண்கள் திறக்கப்படுகின்றன. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்காகக் கோட்டைக்கு எழுந்தருளும் ஊர்வலம் இவ்வழியாகவே செல்கிறது. வீடுகளுக்குள்ளோ, பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்த மண்பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கொலுப்படி ஏறுகின்றன.

நகைக்கு வங்கியில் பெட்டகம் உண்டு, பொம்மைக்குப் பரண்தான். ஆயினும், பாகப்பிரிவினையின்போது நகையைவிடப் பொம்மையைப் பங்கிடுவதே கடினம் என்பதைப் பல குடும்பங்கள் அறியும். நகையை நிறுத்துப் பிரிக்கலாம். தசாவதாரத்தை ஐந்தைந்தாகப் பிரிக்க இயலுமா? பாட்டி புகுந்த வீட்டிற்குக் கொண்டுவந்த மரப்பாச்சி இணை, கை முறிந்து ஒட்டவைத்த கண்ணன், மூக்குத் தேய்ந்த செட்டியார் என ஒவ்வொன்றும் ஒருவரை நினைவூட்டுகிறது. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் இங்கு குடியேறியவர்களுக்கு, விட்டுவந்த ஊரின் அடையாளமும் அதுவே.

புலம்பெயர்ந்த குடும்பத்தின் நினைவை மண்ணில் வடிக்கும் சிற்பி ஒருவர் இன்று உலக அரங்கில் உள்ளார். ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன் 1988-இல் கொழும்பில் பிறந்தவர். மறு ஆண்டே கைக்குழந்தையாக ஆஸ்திரேலியா சென்றார். பல தலைகளும் பல கைகளும் கொண்ட அவரது பீங்கான் உருவங்கள் கோயில் காவல் தெய்வங்களை நினைவூட்டும்; அவற்றின் மேல் வழியும் மெருகுப்பூச்சின் நிறங்களோ கண்ணைப் பறிக்கும். 2016-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலும், 2022-இல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திலும் அவை இடம்பெற்றன. மரபுக்குப் பழகிய கண்களுக்கு அவை முதலில் முரடாகத் தோன்றக்கூடும். கைவிரல் அழுத்திய தடத்தைக்கூட அவர் மறைப்பதில்லை.

கொலுப் பொம்மையின் செய்முறை வேறு. இரு பாதி அச்சுகளில் களிமண்ணை அழுத்திப் பொருத்தி, உலர்த்திச் சுட்ட பின்னரே வண்ணம் தீட்டுகின்றனர். அவ்வண்ணம் நெருப்பைக் காணாதது. ஈரத்துணி பட்டால் கரையக்கூடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டுவதே நன்று.

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, பின்னர் யாவும் பரணேறும். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் வசிக்கும் வீடுகளில், மறு ஆண்டு அவற்றை இறக்குவார் யார் என்ற கவலையும் உடன் ஏறுகிறது. இவ்வாண்டு துணியில் சுற்றும் முன், வாங்கியவர் பெயரையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பொம்மையோடு வைக்கலாம். கேட்டால் சொல்ல வீட்டில் ஒருவரேனும் இன்னும் இருப்பார்.