தீயில் கருகிய இணையதளங்கள்! உங்கள் எழுத்தைக் காப்பது எப்படி?

2021-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி. நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்சு நாட்டின் ஸ்டிராஸ்பூர்க் நகரம் உறங்கிக் கொண்டிருந்தது.

ரைன் நதிக்கரைப் பகுதியில் இருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று தீப்பற்றிக் கொண்டது. தீ மளமளவென்று பரவியது. சுமார் நூறு தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து போராடினார்கள். ஆனாலும் கட்டடம் எலும்புக்கூடாகி விட்டது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி எரிந்தது.

நல்ல வேளையாக, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், மறுநாள் காலையில் பல நாடுகளில் உள்ளவர்கள் திகைத்துப் போனார்கள். அவர்களுடைய இணையதளங்களைக் காணோம்! சுமார் 36 லட்சம் இணையதளங்கள் நின்று போயின என்று கணக்கிடப்பட்டது.

எங்கோ ஒரு கட்டடம் எரிந்தால், இவை ஏன் மறைய வேண்டும்?

ஆகாயத்தில் இல்லை!

இணையதளம் ஏதோ ஆகாயத்தில் மிதப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அதுவும் இந்தப் பூமியில்தான், ஒரு கட்டடத்தில், ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர். ஓட்டலில் கேட்ட பலகாரத்தைக் கொண்டு வந்து வைப்பவர் சர்வர். கேட்ட பக்கத்தை நம் கண்முன் கொண்டு வந்து வைப்பது இந்தச் சர்வர்!

ஸ்டிராஸ்பூர்க்கில் எரிந்தது, இத்தகைய சர்வர்களை அடுக்கி வைத்திருந்த கட்டடம். ஓ.வி.எச். என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது.

இன்று இணையதளம் வைத்திருப்பவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டும் அல்ல. குடும்பப் பெண்கள் சமையல் குறிப்பு எழுதுகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊர் வரலாறு எழுதுகிறார்கள். பல வருட உழைப்பு அதில் இருக்கிறது. அது போனால், மறுபடி எழுத முடியுமா?

பிரதியும் எரிந்தது!

ஸ்டிராஸ்பூர்க் தீ விபத்துக்குப் பிறகு, வேறு ஊரில் பிரதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அதை வேறு சர்வரில் ஏற்றிக் கொண்டார்கள். பிரதியே எடுக்காதவர்கள் அடியோடு இழந்தார்கள். "ரஸ்ட்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை நடத்தும் நிறுவனம், தனது 25 சர்வர்களில் இருந்த விவரங்கள் திரும்பி வரமாட்டா என்று அறிவித்தது.

இன்னும் சிலருடைய நிலைதான் பரிதாபம்! அவர்கள் பிரதி எடுத்திருந்தார்கள். ஆனால், பிரதியும் அதே கட்டடத்தில் இருந்தது. நிலப் பத்திரத்தையும் அதன் நகலையும் ஒரே பெட்டியில் வைத்தால், கரையான் இரண்டையும் சேர்த்துத்தானே தின்னும்?

தீ மட்டும்தான் எதிரி என்று எண்ண வேண்டாம். இடம் கொடுத்தவர் கடையை மூடினாலும் ஆபத்துதான். "ஜியோசிட்டீஸ்" என்ற நிறுவனம் 1994-ல் தொடங்கியது. பொதுமக்கள் சொந்தப் பக்கம் வைத்துக் கொள்ள இலவசமாக இடம் கொடுத்தது. 1999-ல் யாகூ நிறுவனம் அதை வாங்கியது. 2009-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இழுத்து மூடிவிட்டது. தொண்டர்கள் சிலர் ஓடோடிப் பிரதி எடுத்ததால், அந்தப் பக்கங்களில் பல பிழைத்தன.

படத்தைக் காப்பாற்றிய தாய்

1998-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த சம்பவம் இது. பிக்சார் என்ற நிறுவனம் "டாய் ஸ்டோரி 2" என்ற பொம்மைப் படத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்துக் கொண்டிருந்தது. யாரோ தவறுதலாக ஓர் உத்தரவைக் கொடுத்து விட்டார். கம்ப்யூட்டர் படத்தையே அழிக்கத் தொடங்கியது! மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள் பெரும் பகுதி போய்விட்டது.

"கவலை இல்லை, பிரதி இருக்கிறது" என்று எண்ணினார்கள். எடுத்துப் பார்த்தால், பிரதி சரியாகப் பதிவாகவில்லை! அது ஒழுங்காகப் பதிவாகிறதா என்று அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அப்போது காலின் சுஸ்மன் என்ற பெண்மணிக்கு ஒரு நினைவு வந்தது. அவர் குழந்தை பெற்றிருந்ததால், வீட்டில் இருந்தே வேலை பார்த்தார். அதற்காகப் படத்தின் பிரதி ஒன்று அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, கைக்குழந்தையைப் போலப் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது!

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எளிய விதி ஒன்றைப் பரப்பினார். "மூன்று, இரண்டு, ஒன்று" என்பதே அது.

மூன்று: எந்த விவரமும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும். சர்வரில் இருப்பது ஒன்று, பிரதி இரண்டு.

இரண்டு: பிரதிகள் இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தால், மற்றொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம்.

ஒன்று: ஒரு பிரதியாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் வைத்தாலும் சரிதான்.

பிரதி எடுத்து முடிந்ததும், ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள் உண்டு. கழற்றி வைத்த பிரதியை அவை தொட முடியாது.

எதை எடுப்பது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "வேர்டுபிரஸ்" போன்ற முறையில் நடக்கும் தளத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. படங்களும், தளத்தின் அமைப்பும் கோப்புகளாக இருக்கும். எழுதிய கட்டுரைகளோ "டேட்டாபேஸ்" என்ற தனிக் களஞ்சியத்தில் இருக்கும். கோப்புகளை மட்டும் எடுத்தால் எழுத்து வராது. களஞ்சியத்தை மட்டும் எடுத்தால் படம் வராது. இரண்டையும் எடுக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தினமும் எழுதுகிறவர் தினமும் எடுக்கலாம். மாதம் ஒருமுறை எழுதுகிறவருக்கு, எழுதிய அன்று எடுத்தால் போதும். புதிய பிரதி வந்ததும் பழையதை உடனே அழிக்கக் கூடாது. இன்று எடுத்த பிரதியில் பிழை இருந்தால், போன மாதத்துப் பிரதி கை கொடுக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம், ஒத்திகை! ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பிரதியை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். கட்டுரை வருகிறதா? படம் தெரிகிறதா? தமிழ் எழுத்து சரியாக இருக்கிறதா? திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

இது தமிழர்களுக்குப் புதிய பாடம் அல்ல. பனை ஓலை நாளடைவில் செல்லரித்துப் போகும். அதனால், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தார்கள். அப்படி யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்து எழுதிய நூல்கள்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தன. பெயர்த்து எழுத ஆள் இல்லாத நூல்கள் மண்ணோடு மண்ணாயின.

ஓலைக்கு மாதக் கணக்கில் எழுத வேண்டி இருந்தது. சிறிய இணையதளத்துக்கு ஒரு மணி நேரமே அதிகம். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கே ஒதுக்கலாமே!